மூன்று டெஸ்ட், ஒரு சதம்: கெவின் ஓபிரையனுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

அயர்லாந்தின் கெவின் ஓபிரையன் என்றால் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 2011 மார்ச் 2, பெங்களூரு. இளஞ்சிவப்புச் சாயம் பூசிய தலைமுடி, இங்கிலாந்துக்கு எதிராக 50 பந்தில் சதம். அந்த ஒரு இரவு அவருடைய மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. எனக்கோ அவருடைய கணக்கில் வேறொரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. 153 ஒருநாள் போட்டிகள், 110 டி20 போட்டிகள் ஆடியவர் ஆடிய டெஸ்ட் மூன்றே மூன்று. அந்த மூன்றில் 258 ரன், சராசரி 51.60. அவருடைய ஒருநாள் சராசரி 29.41தான்.

மூன்று டெஸ்டை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஏன் மூன்றே மூன்று என்று கேட்டால் அவருடைய மொத்த ஆட்ட வாழ்க்கையும் புரிந்துவிடும். ஒரு பெரிய அணியில் பிறந்த ஆட்டக்காரர் தன் திறமைக்கு ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்வார். கெவின் ஓபிரையனோ அயர்லாந்துக்கு எந்த மாதிரி ஆட்டம் கிடைத்ததோ, அதற்கேற்ப நான்கைந்து முறை தன்னையே மாற்றிக்கொண்டார். அவர் வளர்ந்த கதையும் அயர்லாந்து கிரிக்கெட்டின் அந்தஸ்து மாறிய கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

அயர்லாந்தில் கிரிக்கெட் ஒரு சிலரின் ஆட்டம். ஹர்லிங், கேலிக் கால்பந்து ஆகியவற்றை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம், கிரிக்கெட் போன்ற 'அந்நிய' ஆட்டங்களில் தன் உறுப்பினர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்ற தடையை 1971இல்தான் நீக்கியது. அதனால் கிரிக்கெட் ஊரெங்கும் பரவவில்லை. டப்ளினில் சில கிளப்புகள், வடக்கிலும் வடமேற்கிலும் சில ஊர்கள், அங்கங்கே சில குடும்பங்கள் என்று ஒதுங்கியே பிழைத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசியலில் தீவு இரண்டாகப் பிரிந்திருந்தாலும் கிரிக்கெட்டில் குடியரசும் வட அயர்லாந்தும் சேர்ந்து ஒரே அணிதான்.

அப்படிப்பட்ட கிரிக்கெட் குடும்பங்களில் ஒன்றில் 1984 மார்ச் 4 அன்று டப்ளினில் பிறந்தவர் கெவின். அப்பா பிரெண்டன் ஓபிரையன் அயர்லாந்துக்காக 50 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். அண்ணன் நியால் விக்கெட் கீப்பர், இடதுகை பேட்ஸ்மேன். சாண்டிமவுண்ட் பகுதியில் இருக்கும் ரயில்வே யூனியன் கிளப்தான் அவர்களுடைய களம். 2004இல் பங்களாதேஷில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் கெவின் ஆடினார். அதே அணியில் இயான் மோர்கனும் இருந்தார். அந்த இருவரின் பாதையும் பின்னால் எப்படிப் பிரிந்தது என்பதைக் கவனித்தால் அயர்லாந்து கிரிக்கெட்டின் அன்றைய நிலை விளங்கும்.

2006 ஜூன் 13. பெல்ஃபாஸ்டின் ஸ்டார்மாண்ட் மைதானத்தில் அயர்லாந்து தன் முதல் சர்வதேச ஒருநாள் போட்டியை ஆடியது. எதிரணி இங்கிலாந்து, கேப்டன் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ். கெவின் ஒருநாள் போட்டியில் வீசிய முதல் பந்திலேயே ஸ்ட்ராஸ் அவுட். அந்த நாளில் அவர் முதலில் ஒரு பந்துவீச்சாளராகத்தான் உலகத்தின் கண்ணில் பட்டார். அப்புறம் பேட்டிங்கில் 35 ரன்னும் எடுத்தார். அயர்லாந்து 38 ரன்னில் தோற்றது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நைரோபியில் கென்யாவுக்கு எதிராக 142 ரன் அடித்தார். கடைசிவரை அவருடைய அதிகபட்ச ஒருநாள் ஸ்கோர் அதுதான். மார்ச்சில் உலகக்கோப்பை. மார்ச் 17, அயர்லாந்துக்காரர்கள் உலகெங்கும் கொண்டாடும் புனித பேட்ரிக் திருநாள். அன்று ஜமைக்காவின் சபினா பார்க்கில் பாகிஸ்தானை 132 ரன்னுக்குச் சுருட்டி அயர்லாந்து ஜெயித்தது. நியால் 72 ரன் எடுத்தார், கெவின் ஆட்டமிழக்காமல் 16, கேப்டன் டிரென்ட் ஜான்ஸ்டன் சிக்ஸர் அடித்து முடித்தார். அந்த அணியில் பலருக்கும் கிரிக்கெட் பிழைப்பு அல்ல. ஜான்ஸ்டன் துணி விற்பனைத் தொழிலில் இருந்தார், சுழற்பந்து வீசிய கைல் மெக்காலன் பள்ளி ஆசிரியர். விடுப்பு எடுத்துக்கொண்டு உலகக்கோப்பைக்கு வந்தவர்கள் பாகிஸ்தானை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்போது நல்ல அயர்லாந்து ஆட்டக்காரர் ஒருவருக்கு முன்னால் இருந்த வழி ஒன்றுதான்: இங்கிலாந்துக்குப் போவது. அயர்லாந்துக்கு அப்போது டெஸ்ட் ஆடும் தகுதி இல்லை; டெஸ்ட் ஆட வேண்டுமென்றால் வேறு கதி இல்லை. எட் ஜாய்ஸ் 2007 உலகக்கோப்பையை இங்கிலாந்துச் சட்டையில் ஆடினார். மோர்கன் 2009இல் போனார், பின்னால் இங்கிலாந்தின் கேப்டனாகி 2019இல் உலகக்கோப்பையையே வென்றார். பாய்ட் ரேங்கின் 2014 ஜனவரியில் சிட்னியில் இங்கிலாந்துக்காக ஒரு டெஸ்ட் ஆடினார். கெவின் போகவில்லை. விசுவாசம் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம், ஆனால் ஆட்ட ரீதியாகவும் ஒரு காரணம் இருந்தது என்று நினைக்கிறேன். மிதவேகப் பந்து, நடுவரிசையில் அதிரடி என்ற அவருடைய கலவை இங்கிலாந்துக் கவுண்டிகளில் (அந்நாட்டின் உள்நாட்டு அணிகளில்) ஏராளம். 2009இல் நாட்டிங்ஹாம்ஷயர், 2011இல் குளோஸ்டர்ஷயர் என்று பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தங்களே அவருக்குக் கிடைத்தன. ஒரே கவுண்டியில் நான்கைந்து ஆண்டு நிலைத்து, வாரா வாரம் நான்கு நாள் ஆட்டம் ஆடி பேட்டிங்கைத் தீட்டிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு அமையவே இல்லை.

ஆட்டங்களே குறைவாக உள்ள அணியில் ஆல்ரவுண்டரின் வேலை தனி ரகம். ஆறாம், ஏழாம் இடத்தில் இறங்குவார். ஒன்று, அணி சரிந்து கிடக்கும். அல்லது பத்து ஓவர்தான் மிச்சம் இருக்கும். பெரிய ஸ்கோர் அடிக்க நேரம் இருக்காது. பந்துவீச்சில், முதன்மைப் பந்துவீச்சாளர் அடி வாங்கும்போது அந்த ஓவர்களை வாங்கிப் போட வேண்டும். கெவினின் வேகம் யாரையும் பயமுறுத்தாது. வேகத்தைக் குறைத்து வீசும் பந்து, கட்டர், யார்க்கர், பிட்ச்சில் எங்கே குத்தினால் பந்து நின்று வரும் என்ற கணிப்பு: இவைதான் அவருடைய சரக்கு. 2021இல் ஒருநாள் ஆட்டத்திலிருந்து விலகியபோது 114 விக்கெட்டுடன் அயர்லாந்தின் பட்டியலில் அவரே முதலிடத்தில் இருந்தார். பேட்டிங்குக்காக நினைக்கப்படும் ஒருவர் தன் நாட்டின் முதல் விக்கெட் வேட்டைக்காரராகவும் இருந்தார் என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இது ஒரு மனக்குறை.

சரி, பெங்களூருக்கு வருவோம். சின்னசாமி மைதானத்தில் சில நாட்களுக்கு முன், பிப்ரவரி 27 அன்றுதான், இந்தியாவும் இங்கிலாந்தும் தலா 338 ரன் எடுத்து ஆட்டம் டையில் முடிந்திருந்தது. அதே மைதானத்தில் இங்கிலாந்து அயர்லாந்துக்கு எதிராக 8 விக்கெட்டுக்கு 327 குவித்தது. டிராட் 92, பெல் 81, பீட்டர்சன் 59. ஜான் மூனி 4 விக்கெட் எடுத்திருக்காவிட்டால் இன்னும் ஏறியிருக்கும். அதுவரை உலகக்கோப்பையில் துரத்தி ஜெயித்த பெரிய ஸ்கோர், 1992இல் ஜிம்பாப்வேக்கு எதிராக இலங்கை எடுத்த 313.

அயர்லாந்தின் முதல் பந்திலேயே கேப்டன் போர்ட்டர்ஃபீல்ட் ஆண்டர்சனிடம் போல்ட். கெவின் உள்ளே வரும்போது 4 விக்கெட்டுக்கு 106. கொஞ்ச நேரத்தில் 5க்கு 111. மிச்சம் 25 ஓவர் சொச்சம், தேவை 217 ரன். அந்த நிலையில் பெரும்பாலான சின்ன அணிகள் 'கௌரவமாகத் தோற்போம்' என்று 250ஐ நோக்கி நகரும். கெவின் அந்தக் கணக்கையே போடவில்லை. முன்காலைச் சற்று விலக்கி இடம் எடுத்துக்கொண்டு, கையை முழுதாக வீசி, பந்தின் போக்கிலேயே தூக்கினார். அரை சதத்துக்கு 30 பந்து. ஆண்டர்சனை அடித்த ஒரு சிக்ஸர் 102 மீட்டர் போனது. பேட்டிங் பவர்பிளேயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளாமல் 30 ஓவர் கடந்ததுமே எடுத்துக்கொண்டார்கள். வட்டத்துக்கு வெளியே ஆள் குறைந்த அந்த ஐந்து ஓவரில் ஆட்டம் தலைகீழானது.

எதிர்முனையில் அலெக்ஸ் கியூசாக் 47. அவருடைய பங்கை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டதால்தான் மறுமுனையில் கெவின் கவலையில்லாமல் சுழற்ற முடிந்தது. இருவரும் ஆறாவது விக்கெட்டுக்கு 162 ரன் சேர்த்தார்கள். கெவின் 91இல் இருந்தபோது ஒரு கேட்ச் கிளம்பியது. பின்னால் ஓடிப்போய்த் தவறவிட்டவர் ஸ்ட்ராஸ். பெல்ஃபாஸ்டில் கெவினின் முதல் பந்தில் அவுட்டான அதே கேப்டன். அடுத்த சில பந்துகளில் சதம் வந்தது: 50 பந்து. முந்தைய உலகக்கோப்பைச் சாதனையான மேத்யூ ஹேடனின் 66 பந்தை 16 பந்து வித்தியாசத்தில் முறியடித்தார். கெவினின் சாதனையை முறியடிக்க 12 ஆண்டுகள் ஆயின. 2023 அக்டோபரில் டெல்லியில் மார்க்ரம் 49 பந்தில் அடித்தார், அதே மாதம் அதே மைதானத்தில் மேக்ஸ்வெல் 40 பந்தில் அடித்தார்.

63 பந்தில் 113, 13 பவுண்டரி, 6 சிக்ஸர். ரன் அவுட்டாகி வெளியேறும்போது 11 பந்தில் 11 ரன் தேவை. ஜான்ஸ்டன் வந்த முதல் பந்தே பவுண்டரி. கடைசி ஓவரின் முதல் பந்தில் மூனி பவுண்டரி அடிக்க, 5 பந்து மிச்சம் வைத்து 3 விக்கெட்டில் வெற்றி. மூனி 30 பந்தில் எடுத்த 33ம் இந்த வெற்றியின் தூண்களில் ஒன்று. கெவினின் அந்தத் தலைமுடிச் சாயத்துக்கும் ஒரு காரணம் இருந்தது: அயர்லாந்துப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு நிதி திரட்டுவதற்காகப் பூசியது.

இப்படி ஒரு ஆட்டத்துக்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? பெரிய அணிகள் வரிசையாக ஆட வந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. அந்த உலகக்கோப்பை முடிந்த சில நாட்களிலேயே, 2015 உலகக்கோப்பையில் டெஸ்ட் தகுதியுள்ள 10 முழு உறுப்பு நாடுகள் மட்டுமே ஆடும் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி அறிவித்தது. அயர்லாந்துக்குத் தகுதிச் சுற்று ஆடும் வழிகூட இல்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் மாதம் அந்த முடிவைத் திரும்பப் பெற்று 14 அணிகள் என்று மாற்றினார்கள். ஒரு ஆட்டக்காரர் 27 வயதில், உடலும் அனுபவமும் சேர்ந்து வரும் காலத்தில், உலகத்தின் முன் தன்னை நிரூபித்திருந்தார். அதற்குப் பரிசாக அவருடைய அணிக்குக் கதவு சாத்தப்பட்டுப் பின் அரைகுறையாகத் திறந்தது. இதை அநியாயம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கெவின் கிடைத்த இடத்திலெல்லாம் ஆடினார். 2011 கோடையில் அக்ஸ்பிரிட்ஜில் மிடில்செக்ஸுக்கு எதிராகக் குளோஸ்டர்ஷயருக்காக 52 பந்தில் 119. அதே இன்னிங்ஸில் ஹாமிஷ் மார்ஷலும் சதம் அடித்தார். கரீபியன் லீக், பங்களாதேஷ் லீக் என்றும் போய் வந்தார். ஐபிஎல் ஒப்பந்தம் மட்டும் வரவே இல்லை. 2013இல் டப்ளினின் கிளோன்டார்ஃபில் பாகிஸ்தானுக்கு எதிராக 47 பந்தில் ஆட்டமிழக்காமல் 84 அடித்து, கடைசிப் பந்தில் பவுண்டரியோடு ஆட்டத்தை டை செய்தார். 2015 உலகக்கோப்பையில் பிரிஸ்பேனில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அணியிடம் மாட்டிக்கொண்டிருந்த அயர்லாந்தை 25 பந்தில் 50 அடித்து மீட்டார். இந்த இரண்டு ஒருநாள் இன்னிங்ஸ்களும் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வந்தவை. 153 ஒருநாள் ஆட்டத்தில் அவருக்கு இரண்டே சதம் என்பதன் விளக்கம் பெருமளவு இங்கேதான் இருக்கிறது.

2017 ஜூன் 22 அன்று ஐசிசி அயர்லாந்துக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் முழு உறுப்பினர் தகுதி, அதாவது டெஸ்ட் ஆடும் உரிமை, தந்தது. அடுத்த மார்ச்சில் ஹராரேயில் ஆப்கானிஸ்தானிடம் தோற்று, 10 அணிகளாகச் சுருங்கிய 2019 உலகக்கோப்பைக்கான வாய்ப்பை அயர்லாந்து இழந்தது. அந்த வலி ஆறுவதற்குள் மே மாதம் மாலஹைடில் முதல் டெஸ்ட், பாகிஸ்தானுக்கு எதிராக. டப்ளின் அருகே பழைய கோட்டை ஒன்றின் தோட்டத்தை ஒட்டிய மைதானம், சுற்றிலும் தற்காலிக இருக்கைகள். முதல் நாள், மே 11, முழுவதும் மழை.

முதல் இன்னிங்ஸில் அயர்லாந்து 130க்குச் சுருண்டது. அதிகபட்சம் கெவினின் 40. ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடி பேட்டிங்; 180 ரன் பின்தங்கிய நிலை. இரண்டாவது இன்னிங்ஸில் தொடக்க ஜோடி 69 ரன் சேர்த்தது, பிறகு 95 ஆவதற்குள் 4 விக்கெட் போனது. 6 விக்கெட்டுக்கு 157 ஆனபோது இன்னிங்ஸ் தோல்வி கண்ணுக்கு எட்டிய தூரத்தில். முகமது அப்பாஸ் ஸ்டம்பை ஒட்டி அளவாகப் பந்தை நகர்த்திக்கொண்டிருந்தார். ஆமிரின் இடதுகை வேகம் இன்னொரு பக்கம்.

இங்கே கெவின் ஆடியதை அவருடைய பெங்களூரு இன்னிங்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெங்களூரில் 63 பந்தில் 113. மாலஹைடில் 217 பந்தில் 118. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிட்டு, உடம்புக்கு வருவதைக் காலடியில் தணித்து, பந்துவீச்சாளர் களைக்கும்வரை காத்திருந்து அடித்த ரன்கள். ஸ்டூவர்ட் தாம்சன் 53 ரன் எடுத்துத் துணை நிற்க, ஏழாவது விக்கெட்டுக்கு 114. நான்காம் நாள் கெவின் சதத்தைத் தொட்டபோது அது அயர்லாந்தின் முதல் டெஸ்ட் சதம். தன் நாட்டின் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தவர்கள் அதற்கு முன் மூவர்தான்: 1877இல் ஆஸ்திரேலியாவின் பானர்மேன், 1992இல் ஜிம்பாப்வேயின் ஹௌட்டன், 2000இல் பங்களாதேஷின் அமினுல் இஸ்லாம்.

இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? திடீரென்று வரவில்லை. முழு உறுப்பினர் தகுதி இல்லாத அசோசியேட் நாடுகள் தங்களுக்குள் நான்கு நாள் ஆட்டங்களாக ஆடிய இன்டர்கான்டினென்டல் கோப்பையை அயர்லாந்து நான்கு முறை வென்றது. அதில்தான் 2008இல் நைரோபியில் கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 171 அடித்திருந்தார் கெவின். ஆளில்லாத மைதானங்களில், தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத ஆட்டங்களில், அவருக்குள் ஒரு டெஸ்ட் பேட்ஸ்மேன் இருந்தார். அவருக்கு டெஸ்ட் ஆடக் கிடைக்கும்போது வயது 34.

மாலஹைடில் சதம் அடித்த மறுநாள் காலை, கெவின் தான் சந்தித்த முதல் பந்திலேயே அப்பாஸிடம் ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்தார். ஒரு ரன்கூடக் கூடவில்லை. அயர்லாந்து 339. வெற்றி இலக்கு 160தான், ஆனாலும் பாகிஸ்தான் 3 விக்கெட்டுக்கு 14 என்று தடுமாறியது. அப்புறம் இமாமும் பாபரும் நின்று 5 விக்கெட்டில் ஜெயித்தார்கள். இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்திருந்த எட் ஜாய்ஸ் இந்த ஒரே டெஸ்டோடு ஓய்வு பெற்றார். நியாலுக்கும் இது ஒன்றுதான் வாய்த்தது.

கெவினுக்கு இன்னும் இரண்டு. 2019 மார்ச்சில் டேராடூனில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸில் 56. ஜூலையில் லார்ட்ஸில் இங்கிலாந்து 85க்குச் சுருண்ட அந்த ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 28. பிறகு அயர்லாந்து 38க்குச் சுருண்டது. அவ்வளவுதான். அடுத்த டெஸ்டை அயர்லாந்து ஆடியது 2023 ஏப்ரலில், மிர்பூரில். இடையில் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு. டெஸ்ட் நடத்தும் செலவு அயர்லாந்து வாரியத்துக்குக் கட்டுப்படியாகவில்லை, கோவிட் காலம் வேறு குறுக்கே வந்தது. சராசரி 51.60 வைத்திருந்த பேட்ஸ்மேனை யாரும் டெஸ்ட் அணியிலிருந்து நீக்கவில்லை. ஆடுவதற்கு டெஸ்டே இல்லை.

அவர் மறுபடியும் தன்னை மாற்றிக்கொண்டார். நடுவரிசை ஆள், 35 வயதில், டி20யில் பால் ஸ்டிர்லிங்குடன் தொடக்க ஆட்டக்காரர் ஆனார். 2019 அக்டோபர் 7 அன்று ஓமானில் ஹாங்காங்குக்கு எதிராக 62 பந்தில் 124. அயர்லாந்து ஆண்கள் அணியின் முதல் டி20 சதம் அது. மூன்று வகை ஆட்டத்திலும் சதம் அடித்த முதல் அயர்லாந்து வீரர் ஆனார். அடுத்த மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்கானிஸ்தானுடன், டையான ஆட்டத்தை முடிவுசெய்யும் சூப்பர் ஓவர். வீசியவர் ரஷீத் கான். கடைசிப் பந்தை கெவின் சிக்ஸருக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில் டப்ளினின் பெம்புரோக் மைதானத்தில் உள்நாட்டு ஆட்டமொன்றில் 37 பந்தில் 82 அடித்தபோது, ஒரு சிக்ஸர் வாகன நிறுத்தத்தில் நின்ற அவருடைய சொந்தக் காரின் கண்ணாடியையே உடைத்தது. உலகக்கோப்பைச் சாதனையாளர் ஆடும் உள்நாட்டு டி20 எவ்வளவு சின்ன மைதானத்தில் நடக்கிறது என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது.

2021 ஜூனில் 3,618 ரன்னோடு ஒருநாள் ஆட்டத்திலிருந்து விலகினார். அந்த அக்டோபரில் டி20 உலகக்கோப்பையில் நமீபியாவிடம் தோற்று அயர்லாந்து வெளியேறியது. அதன்பிறகு அவரை எடுக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 16 அன்று ஓய்வை அறிவித்தபோது, ஆஸ்திரேலியாவில் நடக்கவிருந்த டி20 உலகக்கோப்பையோடு முடிக்க நினைத்திருந்ததாகவும், தேர்வாளர்கள் வேறு பக்கம் பார்ப்பதாகத் தெரிவதாகவும் வெளிப்படையாகவே சொன்னார். 38 வயது ஆட்டக்காரரை விட்டுவிட்டு இளையவர்களைத் தேடியது தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த உலகக்கோப்பையில் மெல்போர்னில் அயர்லாந்து மறுபடி இங்கிலாந்தை வீழ்த்தவும் செய்தது. ஆனால் அணிக்காக மொத்தம் 389 முறை களமிறங்கியவருக்கு ஒரு வழியனுப்பு ஆட்டமாவது அமைந்திருக்கலாம்.

இன்றைய அயர்லாந்தின் ஆல்ரவுண்டர் கர்ட்டிஸ் கேம்ஃபரைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். 2020இல் சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கி முதல் இரண்டு ஒருநாள் ஆட்டத்திலும் அரை சதம். 2021 டி20 உலகக்கோப்பையில் அபுதாபியில் நெதர்லாந்தின் நான்கு விக்கெட்டை நான்கு பந்தில் எடுத்தார். அப்போது கெவினும் அதே அணியில் இருந்தார். 2023 ஏப்ரலில் காலி நகரில் நடந்த டெஸ்டில் இலங்கைக்கு எதிராக கேம்ஃபர் 111 அடித்தபோது வயது 24. கெவின் தன் முதல் டெஸ்டை ஆடியதற்குப் பத்து ஆண்டு முந்தைய வயது. அதே மாதம் மிர்பூரில் லார்கன் டக்கர் 108 அடித்து அயர்லாந்தின் இரண்டாவது டெஸ்ட் சதக்காரர் ஆகியிருந்தார். 2024 மார்ச்சில் அபுதாபியில் ஆப்கானிஸ்தானை வென்று அயர்லாந்து தன் முதல் டெஸ்ட் வெற்றியையும் எடுத்தது.

ஆனாலும் ஆட்டங்களின் பஞ்சம் தீரவில்லை. 2025இல் சொந்த மண்ணில் ஆப்கானிஸ்தானுடன் ஆட வேண்டிய, டெஸ்டும் அடங்கிய தொடரைப் பணம் போதாமல் அயர்லாந்து வாரியம் நடத்தவில்லை.